கீழே நீலம் இருக்கிறது: சிறுவர் ஓவியப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட அளவிலான சிறுவர் ஓவியப் போட்டியின் நடுவர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

அடுத்த ஆண்டுப் போட்டிக்கான உங்கள் சுற்றறிக்கை சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கு வந்தது. அதில் ஏழாவது விதி இப்படி இருக்கிறது: “மகிழ்வூட்டும் காட்சிகளை மட்டுமே வரைய வேண்டும். பின்னணிக்குக் கறுப்பு நிறத்தைப் பயன்படுத்துதல் கூடாது.” சென்ற ஆண்டு இப்படி ஒரு விதி இல்லை. எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதைச் சேர்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை வரைந்தவள் என் மாணவி. அதனால்தான் தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்த அந்தத் தாளை அப்படியே வைத்துவிட்டு, இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த தலைப்பு ‘எங்கள் கடல்’. நேரம் இரண்டு மணி. அவள் எட்டாம் வகுப்பு. பெயரை இங்கே சொல்ல மாட்டேன். போட்டிக்கு ஏழு மாதங்களுக்கு முன்பு அவளுடைய அப்பா இன்னும் இருவருடன் ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டின் துயரம் வேறு மாதிரியானது. இறப்புச் சான்றிதழ் எளிதில் வராது, காரியம் செய்வதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு, இரவில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அவருடைய சட்டை ஒன்று இன்றைக்கும் திண்ணைக்கு மேலே கொடியில்தான் தொங்குகிறது. யாரும் எடுத்து மடிப்பதில்லை.

அவள் என்ன வரைந்தாள் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் எத்தனை விநாடி பார்த்தீர்கள் என்பது எனக்குச் சந்தேகம். தாளில் முக்கால் பங்கு கடல். அது கறுப்பு. கீழ் ஓரத்தில் ஒரு கோடு போலக் கரை, இரண்டு கம்பு, நடுவில் ஒரு கொடி, அதில் ஒரே ஒரு ஆண் சட்டை. அந்தச் சட்டைக்கு அவள் வண்ணமே கொடுக்கவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டாள்.

இனி அந்தக் கடலுக்கு வாருங்கள். கிரேயானால் முதலில் முழுக் கடலையும் நீலமாகத் தீட்டியிருக்கிறாள். இரண்டு நீலம், கரைப்பக்கம் வெளிர், மேலே போகப் போக அடர்த்தி. அது முடிந்தபின் அதன்மேல் கறுப்பைத் தேய்த்திருக்கிறாள், தாள் பளபளக்கும் அளவுக்கு. பிறகு ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, அதன் முனையால் கறுப்பைச் சுரண்டிச் சுரண்டி அலைகளைக் கொண்டுவந்திருக்கிறாள். நூலிழை போன்ற அந்தக் கோடுகள் ஒவ்வொன்றிலும் அடியில் உள்ள நீலம் தெரிகிறது. இந்த முறையை நான் அவளுக்கு வகுப்பில் ஒரு தடவைதான் காட்டியிருந்தேன், பட்டாசு வெடிக்கும் தீபாவளி வானம் வரைவதற்காக. அதை அவள் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தியிருக்கிறாள் என்பதைப் பார்த்தபோது, இருபத்திரண்டு வருடம் ஓவிய ஆசிரியையாக இருப்பவள் நான், எனக்கு வார்த்தை வரவில்லை.

பரிசளிப்பு முடிந்தபின் தேர்வாகாத படங்களை ஒரு மேசையில் அடுக்கி வைத்திருந்தீர்கள். அவள் தன்னுடையதைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தது: “கடலின் நிறம் நீலம். தலைப்புக்குப் பொருந்தவில்லை. முடிக்கப்படாத படம்.” மை தாளில் ஊறி முன்பக்கச் சட்டையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. என்னிடம் காட்டி, “கீழே நீலம் இருக்கிறது டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். படத்தை வாங்கிக்கொள்ளக் கேட்டோம். போட்டிக்குக் கொடுத்த படங்கள் திருப்பித் தரப்படமாட்டா என்று சொல்லிவிட்டார்கள்.

பரிசு கேட்டு இதை எழுதவில்லை. முதல் மூன்று பரிசுகளில் இரண்டு, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதிக்கும் படங்கள். மலையடிவாரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை, மேலே கறுப்புக் கோட்டில் நான்கு பறவைகள், முன்னால் கொஞ்சம் கடல். நாகப்பட்டினம் கடற்கரையில் நின்றுகொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேடினாலும் ஒரு மலை தென்படாது. அந்தக் குழந்தைகளை நான் குறை சொல்லவில்லை. பயிற்சி வகுப்பில் அதைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஏனென்றால் நீங்கள் அதற்குத்தான் பரிசு கொடுக்கிறீர்கள். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் ‘தூய்மை’க்கு வைத்திருக்கிறீர்கள். கோட்டுக்கு வெளியே வண்ணம் வழியாமல் இருந்தால் முப்பது. அந்தப் படத்துக்குள் அதை வரைந்த பிள்ளை எங்காவது இருக்கிறதா என்பதற்கு உங்கள் பட்டியலில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

‘முடிக்கப்படாத படம்’ என்ற சொல்லை நான் வேறோர் இடத்திலும் படித்திருக்கிறேன். நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க்கை ‘அலறல்’ ஓவியத்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1868-ல், தாய் காசநோயில் இறந்தார். 1877-ல் அதே நோயில் அக்கா சோஃபி இறந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது, இவருக்குப் பதின்மூன்று. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, ஓவியனாக உருவாகிக்கொண்டிருந்த மூங்க், அக்காவின் நோய்ப் படுக்கையை வரைய உட்கார்ந்தார். ஒரு சிறுமியை அமர்த்தி அக்காவுக்கு மாதிரியாக வைத்தார். பக்கத்தில் தலை கவிழ்ந்திருக்கும் பெண்ணுக்குத் தன் சித்தியையே உட்கார வைத்தார். தாய் இறந்தபின் அந்தக் குடும்பத்தை வளர்த்தவர் அந்தச் சித்திதான்.

வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் இதே வேலை. தாம் அன்று கண்ட காட்சி கைக்கு வரவில்லை என்று சாயத்தைக் கரைத்து வழியவிட்டார், காய்ந்த வண்ணத்தில் கோடு கோடாகக் கீறினார். தம் கண்ணிமை மயிர்கள்கூட அந்தக் காட்சிக்குக் குறுக்கே நிழலாகத் தெரிந்தன என்று அதையும் படத்தில் சேர்க்கப் பார்த்தார். அழுகிற கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். முடிந்த படத்தில் பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்து ஒரு செம்பட்டை முடிச் சிறுமி இருக்கிறாள். பக்கத்தில் இருக்கும் பெண்ணால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருவர் கையும் சேரும் இடம்தான் படத்தின் நடு. அங்கே விரல்களே இல்லை; வெறும் வண்ணக் குழைவு. எந்த விரல் யாருடையது என்று பிரிக்க முடியாது.

1886-ல் கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) நகரின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது முன்னால் நின்று சிரித்தார்கள். அரைகுறை வேலை என்றார்கள். மூங்க்குக்குச் சுத்தமாக வரையத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டுகள் கழித்து அதே பொருளை, நோயாளிப் பெண், தலையணை, சன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும், அன்றைய ரசனைக்கு ஏற்ற ஒழுங்கான முறையில் வரைந்து காட்டினார். உங்கள் மதிப்பெண் பட்டியலில் அதற்கு நிச்சயம் பரிசு கிடைத்திருக்கும். ஆனால் அவர் மனம் திரும்பத் திரும்பப் போனது முதல் படத்துக்குத்தான். நாற்பது ஆண்டுகளில் அதை ஆறு முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பின்னால் தாம் செய்தவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு படத்தில் பிறந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆறில் ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருந்தது. நாஜி அரசு சீரழிந்த கலை என்று பெயர் சூட்டி மூங்க்கின் 82 படைப்புகளை ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றியபோது அதுவும் போயிற்று. இன்று அது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசுவதாக எண்ண வேண்டாம், அது என் நோக்கமில்லை. ஆனால் எது நல்ல படம் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் விதி எழுதியது இது முதல் தடவையல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெர்லினில் வாழ்ந்த கெத்தே கொல்விட்ஸ் என்ற பெண் ஓவியரின் இளைய மகன் பீட்டர், 1914 அக்டோபரில், பதினெட்டு வயதில் போரில் இறந்தான். ராணுவத்தில் சேர அவனுக்கு அப்பா சம்மதம் தர மறுத்தபோது மகனுக்காகப் பரிந்து பேசியவர் இந்தத் தாய்தான். அந்தப் பாரத்தோடு அவர் 1921-22 ஆண்டுகளில் ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்கு அச்சுகளைச் செய்தார். மரப்பலகையில் செதுக்காமல் விட்ட இடமெல்லாம் மை ஏறிக் கறுப்பாக விழும். செதுக்கிய இடம்தான் வெளிச்சம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் தாய் தந்தையின் உடல்கள் அந்தக் கறுப்பில் ஒரே குவியலாகிவிட்டன. உங்கள் ஏழாவது விதிப்படி இந்த ஏழில் ஒன்றைக்கூட உள்ளே விட முடியாது.

தொலைவுக்குப் போக வேண்டியதும் இல்லை. நம் தொல்காப்பியத்தில் மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நீங்கள் உவகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். நிலத்துக்கும் உணர்வுக்கும் உறவு சொன்ன மரபு நம்முடையது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல், மருதத்துக்கு ஊடல். கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு உரிப்பொருள் என்னவென்று உங்களுக்கு நினைவிருக்கும். இரங்கல். கடலைப் பார்த்துக்கொண்டு, போனவர் வரவில்லையே என்று நிற்பது. ‘எங்கள் கடல்’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, கொடியில் ஒற்றைச் சட்டையோடு கடலைக் காட்டிய பெண்ணிடம் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். அன்று தலைப்புக்குள் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று நான் நினைக்கிறேன்.

கடலின் நிறம் நீலம் என்று எழுதியவருக்கு இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று நான் இங்கே இருந்தேன். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று ஊருக்குள் வந்த தண்ணீர் கறுப்பு. அடிச்சேற்றை வாரிக்கொண்டு வந்த கறுப்பு. பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பிறகு முகாமில் பிள்ளைகளுக்குத் தாளும் கிரேயானும் கொடுத்து உட்கார வைத்தோம். பெட்டியில் முதலில் தீர்ந்துபோனது கறுப்பு. கறுப்பு கேட்டுச் சண்டை நடந்தது. அன்று நாங்கள் யாரும் “நீலத்தை எடு” என்று சொல்லவில்லை. எங்களுக்கு அப்போது எந்தப் பயிற்சியும் கிடையாது, ஆனாலும் அது சொல்லக் கூடாதது என்று தெரிந்திருந்தது. அந்தப் படங்களில் சில இன்னும் என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு பையனின் அலை, தென்னை மரத்துக்கு மேலே நிற்கிறது. மூன்று மாதம் அதே அலையை வரைந்துகொண்டிருந்தவன் ஒருநாள் அலைக்குக் கீழே ஒரு வீடு வரைந்து அதற்குக் கதவும் வைத்தான். அலை அப்படியேதான் இருந்தது.

வேறொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவளாக மாட்டேன். துயரப்பட்டவர் கறுப்பைத்தான் எடுப்பார் என்று ஒரு கணக்கும் கிடையாது. அதே படகில் போன இன்னொருவரின் மகன் அதே போட்டியில் கலந்துகொண்டான். அவன் வரைந்தது பாய்மரம் வைத்த, கொடி பறக்கிற, ஆறு வண்ணத்தில் ஒரு கப்பல். அதுவும் அவன் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். வின்சென்ட் வான்கோ சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, 1890 பிப்ரவரியில், தம்பிக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்தது. அந்தப் பிள்ளைக்காக அவர் வரைந்தது பூத்த பாதாம் கிளைகள், பின்னால் தெளிந்த நீல வானம். நோய் முற்றிய வாரங்களில் அவரால் பெரும்பாலும் வரைய முடியாமல் போனது. பைத்தியம்தான் அவரை வரைய வைத்தது என்கிற கதையை நான் வகுப்பில் சொல்வதே இல்லை. வேதனை தானாக எதையும் வரைந்துவிடாது. பழகிய கை வேண்டும், காம்பஸ் முனையை எவ்வளவு அழுத்தினால் தாள் கிழியாது என்று தெரிந்த கை.

நம் சோழமண்டலத்து ஓவியர் ராமானுஜத்தையும் நினைத்துக்கொள்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் சென்னைக்கு அருகே உருவாக்கிய அந்த ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, மனநோயோடும் தனிமையோடும் போராடி, 1973-ல் தம் உயிரை முடித்துக்கொண்டவர். மைக் கோடுகளால் அவர் எழுப்பியதெல்லாம் மாளிகைகள், பறக்கும் விலங்குகள்; நடுவே தொப்பி வைத்துக்கொண்டு அவரே. வெளியில் கிடைக்காத இடத்தை அவர் தாளில் கட்டிக்கொண்டார். ஒருவர் தம் வலியைக் காட்டுவார், ஒருவர் அதற்கு மேல் மாளிகை கட்டுவார். எதை வரைவது என்பதை வாழ்ந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சுற்றறிக்கை போட முடியாது.

உங்களில் ஒருவர், பெண்ணை மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார், நன்றி. ஆனால் படத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிப்பது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. அவள் நன்றாகப் படிக்கிறாள், கோகோ விளையாடுகிறாள். அப்பாவை நினைத்து ஒரு படம் வரைந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு வாரம் அவள் வகுப்பில் எதையும் வரையவில்லை. இப்போது வரைகிறாள். போன வெள்ளிக்கிழமை மலை வரைந்தாள். இரண்டு மலை, நடுவே சூரியன். கோட்டுக்கு வெளியே வண்ணம் ஒரு துளி இல்லை. “இது சரியா டீச்சர்?” என்று கேட்டாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது சுற்றறிக்கை பாதி, அந்தக் கேள்வி பாதி.

நான் கேட்பவை இவை. ஏழாவது விதியை முழுமையாக நீக்குங்கள். திருத்தி எழுதுவதால் பயனில்லை. எந்தப் பிள்ளையின் படத்திலும், முன்பக்கமோ பின்பக்கமோ, பேனா வைக்காதீர்கள். கருத்து இருந்தால் தனித்தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். தூய்மைக்கு வைத்திருக்கும் முப்பது மதிப்பெண்ணைக் குறைத்து, சொந்தமாகப் பார்த்து வரைந்ததற்கு அதைக் கொடுங்கள். படத்தோடு இரண்டு வரி எழுத அல்லது சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்புக் கொடுத்து, அதைக் கேட்டபின் மதிப்பெண் போடுங்கள். நடுவர் குழுவில் ஓவியத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவராவது இருக்கட்டும். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, ஒரு கடிதம் போட்டால் வருவார்கள். போட்டி முடிந்ததும் படங்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். இவற்றுக்கான பதில்கள் எழுத்தில் வரும்வரை எங்கள் பள்ளியிலிருந்து யாரையும் போட்டிக்கு அழைத்து வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக அந்தப் படம். அது உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஓர் அலமாரியில் மற்ற படங்களோடு கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா அதைக் கேட்கிறார். தபாலில் அனுப்பாதீர்கள்; மடித்தால் மேலே இருக்கும் கறுப்பு உதிர்ந்துவிடும். என்றைக்கு வரலாம் என்று சொல்லுங்கள், நானே அட்டையோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை,
நாகப்பட்டினம்